வண்டி அவர் பேரில், தவணை உங்கள் கையில்: சரியா?

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மாவுக்கு வணக்கம். நான் கடலூர் மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றில் இருக்கிறேன். சொந்த ஊர் மன்னார். 1990இல் ஆறு வயதில் மண்டபத்துக்கு வந்து, பிறகு இங்கே அனுப்பப்பட்டோம். கணவர் பெயின்டிங் வேலைக்குப் போகிறார். நான் மீன் ரோல்ஸ், கட்லட் செய்து மஞ்சக்குப்பத்தில் வாடகைத் தள்ளுவண்டியில் விற்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சில்வர் பீச்சில் கொத்து ரொட்டியும் போடுவேன். ரோல்ஸ் ஒன்று 15 ரூபா. சாமான் செலவு 7 ரூபா. ஒரு நாளைக்கு 120 போகும். ஆனால் கையில் காசு நிற்கிறதில்லை. எங்களுக்குத் தெரிந்த உள்ளூர் அண்ணா ஒருவர், பழைய டாடா ஏஸ் வாங்கி ஃபுட் டிரக்காக மாற்றித் தருகிறேன் என்கிறார். என் சீட்டுக் காசு ஒன்றரை லட்சத்தைத் தர வேண்டும், மீதி மூன்று லட்சத்துக்கு அவர் பேரில் லோன். முகாம் ஆட்களுக்கு லோன் கிடைக்காது, அதனால் வண்டியும் லோனும் அவர் பேரில் இருக்கட்டும், தவணையை நான் கட்ட வேண்டும், லாபத்தில் பாதிக்குப் பாதி என்கிறார். ஜிபே ஸ்டிக்கரும் அவர் பேரில்தானாம். புதுச்சேரிக்குப் போனால் நல்லா விற்கும் என்றும் சொல்கிறார். முகாம் ஆள் என்று தெரிந்தால் சனம் வாங்குமோ என்று மகளுக்குப் பயம். என்ன செய்யலாம்?

பதில்: அன்புள்ள சகோதரி, அந்த ஒன்றரை லட்சத்தைக் கொடுக்காதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம், இதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்த அண்ணா ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. உண்மையிலேயே உதவ நினைப்பவராகவும் இருக்கலாம். ஆனால் அவர் சொல்லும் ஏற்பாட்டை அப்படியே பேப்பரில் எழுதிப் பாருங்கள். முன்பணம் உங்களுடையது. மாதத் தவணை உங்களுடையது. சமையல் உங்களுடையது, வெயிலில் நிற்பதும் நீங்கள். வண்டி அவருடையது, வசூலாகும் பணம் விழும் கணக்கும் அவருடையது. இதில் அவர் போடுவது அவருடைய பெயரை மட்டும்தான். அந்தப் பெயருக்குக் கூலி பாதி லாபம்.

ஒருவர் பணம் போட்டு இன்னொருவர் பேரில் சொத்து வாங்குவதைத்தான் பினாமி என்கிறோம். ஏதோ அரசியல்வாதிகள், பெரிய பணக்காரர்கள் சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். 1988இல் வந்து 2016இல் கடுமையாக்கப்பட்ட பினாமி தடைச் சட்டத்தில் வீடு, நிலம் மட்டுமல்ல, வண்டியும் சொத்துதான். கணவன் மனைவி பேரிலோ மனைவி கணவன் பேரிலோ, பிள்ளைகள் பேரிலோ கணக்குக் காட்டிய பணத்தில் வாங்கினால் விலக்கு உண்டு. தெரிந்த அண்ணா அந்த விலக்கில் வரமாட்டார். அந்தச் சட்டத்தின் 4ஆம் பிரிவுதான் உங்களைப் போன்றவர்களுக்கு வினை. ‘பணம் என்னுடையது, வண்டியை எனக்குத் தரச் சொல்லுங்கள்’ என்று நீங்கள் கோர்ட்டுக்குப் போனால், வழக்கே நிற்காது. போனதற்கு உங்கள்மேலேயே பினாமி விவகாரம் திரும்பலாம்.

சரி, அவர் நல்லவர், சண்டையே வராது என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? வண்டி அவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் போகும். உங்களுக்குள் பேசிக்கொண்டது அவர்களுக்குத் தெரியாது, தெரிந்தாலும் மதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இல்லையென்றால், மாதாமாதம் நீங்கள் கையில் கொடுக்கும் தவணையை அவர் வேறு அவசரத்துக்குப் புரட்டிவிடுகிறார். மூன்று மாதம் பாக்கி விழுந்தால் ஃபைனான்ஸ்காரர் வந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார், உள்ளே இருக்கும் உங்கள் தோசைக்கல்லோடு சேர்த்து.

இனி உங்கள் கணக்குக்கு வருகிறேன். கையில் காசு நிற்கவில்லை என்கிறீர்கள். டிரக் வாங்குவதற்கு முன்னால் தீர வேண்டியது அதுதான்.

ஒரு ரோலுக்குச் சாமான் 7 ரூபாய். மைதா, உருளைக்கிழங்கு, மீன், முட்டை, ரொட்டித்தூள் இவ்வளவையும் கூட்டினால் 7 வரும், ஒத்துக்கொள்கிறேன். பொரிக்கிற எண்ணெய்? கேஸ்? தள்ளுவண்டி வாடகை? தட்டு, சாஸ், கை துடைக்கப் பேப்பர்? முகாமிலிருந்து பாத்திரங்களோடு வந்துபோகும் ஷேர் ஆட்டோ? கடைசியில் மீந்து வீட்டில் பிள்ளைகள் சாப்பிடும் எட்டுப் பத்து ரோல்? இதையெல்லாம் 120ஆல் வகுத்துப் பாருங்கள், ஒன்றுக்கு நாலரை ரூபாயாவது வரும். அப்படியானால் அடக்கம் பதினொன்றரை. மிஞ்சுவது மூன்றரை. நாளைக்கு 420 ரூபாய். இதில் விடியற்காலை எழுந்து மாவு கரைக்கும் உங்கள் கூலி இல்லை, வெங்காயம் நறுக்கும் மகளின் கூலியும் இல்லை.

இப்போது டிரக்கை இதன்மேல் ஏற்றிப் பார்க்கலாம். மூன்று லட்சம், மூன்று வருடம், பழைய வண்டிக்கு வட்டி 14 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை 10,250 ரூபாய்க்குச் சற்று மேல். மாதத்தில் 22 நாள் விற்றால் ஒரு நாளைக்குத் தவணை மட்டும் 466. இன்று நீங்கள் சம்பாதிப்பதைவிட அதிகம். டீசல், இன்சூரன்ஸ், எஃப்.சி. என்கிற வண்டித் தகுதிச் சான்றுக்கான செலவு அதன் மேல். எட்டு வருடத்துக்கு மேற்பட்ட வண்டியென்றால் எஃப்.சி. வருடா வருடம் காட்ட வேண்டும், ஒவ்வொரு முறையும் டிங்கரிங், பெயின்ட், டயர் என்று இழுக்கும். இத்தனையும் போக மிஞ்சுவதில்தான் பாதிக்குப் பாதி. அப்புறம் ஐப்பசி, கார்த்திகை இருக்கிறது. கடலூருக்கு மழை எப்படி வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, 2011 தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் முகாமிலிருந்தே பார்த்தவர்கள் நீங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை பீச்சில் ஆள் இருக்காது, தவணை மட்டும் வந்துகொண்டிருக்கும். நம் கடற்கரையில் தின்பண்ட வியாபாரத்துக்கு வருடம் என்பது ஒன்பது மாதம்தான். கணக்கை அப்படித்தான் போட வேண்டும்.

ரோலை 20 ரூபாய் ஆக்குங்கள். பயப்படாதீர்கள். விலை ஏறியதும் 120 விற்ற இடத்தில் 90தான் விற்கிறது என்றே வைத்துக்கொள்வோம். வாடகையும் ஆட்டோவும் குறையாது, ஆகவே அடக்கம் ஐம்பது காசு ஏறி 12 ரூபாய் ஆகட்டும். அப்போதும் ஒன்றுக்கு 8 ரூபாய், நாளைக்கு 720. குறைவாகச் செய்து அதிகம் சம்பாதிக்கிறீர்கள். டிரக் இல்லாமலேயே.

விலை ஏற்றினால் வாங்குகிறவர் சும்மா இருக்கமாட்டார், ‘ஏன் ஏற்றினீர்கள்’ என்பார். அதற்குப் பதில் தட்டில் தெரிய வேண்டும். கடலூர் துறைமுகத்தில் சூரை மீன் கிடைக்கும் ஊரில் இருந்துகொண்டு ரோலுக்குள் உருளைக்கிழங்கை அடைக்கக் கூடாது. கடித்தால் மீன் தெரிய வேண்டும். சூரை சதைப்பிடிப்பான மீன், வேகவைத்து உதிர்த்தால் குழையாது, விலையும் வஞ்சிரம் மாதிரி இல்லை. எண்ணெயில் மிச்சம் பிடிக்காதீர்கள். பொரித்த எண்ணெயில் போலார் சேர்மங்கள், அதாவது திரும்பத் திரும்பக் காய்வதால் உண்டாகும் கெட்ட பொருட்கள், 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலையிலிருந்து விதி. அதை அளக்கும் கருவி உங்களிடம் இருக்காது, ஆனால் கண்ணுக்குத் தெரியும்: எண்ணெய் கறுத்து, நுரை அடங்காமல், ரோலின் மேல் ரொட்டித்தூள் கரிந்த புள்ளிகளாக ஒட்டினால் அந்த எண்ணெயின் காலம் முடிந்தது. ரொட்டித்தூளில் பொரிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை சீக்கிரம் வரும், தூள் அடியில் தங்கிக் கரிந்துகொண்டே இருக்கும். இரண்டு ஈடுக்கு ஒருமுறை வடிகட்டுங்கள். பொரித்து வைத்தது ஆறிக் கிடக்கக் கூடாது, விதிப்படி சூடான உணவு 60 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதனால் மொத்தமாகப் பொரித்துக் கொண்டுவராமல், தூளில் பிரட்டிய ரோலைக் கொண்டுவந்து வண்டியிலேயே பொரியுங்கள். வாசனைக்கே ஆள் நிற்பார்கள். தொட்டுக்கொள்ளக் கொடுக்கும் தேங்காய்ச் சம்பலை மதியம் அரைத்து ராத்திரிவரை வைக்காதீர்கள், சித்திரை வெயிலில் நாலு மணி நேரத்தில் புளிப்பு ஏறிவிடும். பாதியை வீட்டிலும் பாதியை மாலையிலுமாக இடித்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, மீன் விலை ஏறும். அந்த 61 நாளும் மீன் ரோலை அதே விலைக்கு விற்றால் கைக்காசு போகும். ஆனால் பண்ருட்டி பக்கம் பலா வந்து குவிவதும் அந்த நாட்களில்தான். பலாக்காயை மசாலா போட்டுக் கறியாக்குவது உங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயமா? அதையே ரோலுக்குள் வையுங்கள். இங்கே வெள்ளிக்கிழமை, அமாவாசை, புரட்டாசி என்று மீன் தொடாதவர்கள் நிறைய. ‘பலாக்காய் ரோல்ஸ், பண்ருட்டி பலா’ என்று எழுதிவைத்தால் அவர்களும் நிற்பார்கள். கட்லட்டை நான் உங்கள் இடத்தில் இருந்தால் விட்டுவிடுவேன். ரோல்ஸ் விற்கும் வண்டியில் அது வேலையைக் கூட்டுகிறதே தவிர, புதிதாக ஒரு ஆளைக் கூட்டிவருவதில்லை.

அடுத்தது காகிதங்கள். வண்டி எப்போது வாங்கினாலும், யார் பேரில் இருந்தாலும், தொழில் உங்கள் பேரில் இருக்க வேண்டும். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் வழிக்கு வரும்.

முதலில் உணவுப் பாதுகாப்புப் பதிவு. சிறு உணவு வணிகருக்கான அடிப்படைப் பதிவுக்குப் பெரிய கட்டணம் எதுவும் இல்லை. படம், அடையாளச் சான்று, சமைக்கும் இடம், விற்கும் இடம் இவைதான் கேட்பார்கள். ஆன்லைனில் போடலாம். 14 இலக்க எண் வரும், அதை வண்டியில் தெரிகிற மாதிரி ஒட்டுங்கள். இதற்கு ஆயிரக்கணக்கில் கேட்கும் புரோக்கரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ஒரு டாக்டரிடம் உடல்தகுதிச் சான்றும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், உணவைக் கையாளும் மகளுக்கும் சேர்த்து.

இரண்டாவது, மாநகராட்சியில் தெரு வியாபாரி சான்றிதழ். 2014 தெரு வியாபாரிகள் சட்டப்படி, நகர விற்பனைக் குழு கணக்கெடுத்துக் கொடுப்பது. அதில் நீங்களும் குடும்பத்தாரும் மட்டுமே வியாபாரம் செய்வோம் என்று உறுதி எழுதித்தர வேண்டும், பிறருக்குக் கைமாற்ற முடியாது. அண்ணாவின் பாதிக்குப் பாதி இங்கேயும் இடிக்கும். சான்றிதழ் கைக்கு வரும்வரை மனு கொடுத்த ரசீதையாவது வண்டியில் வைத்திருங்கள். சாமானைத் தூக்கிப் போனால் பட்டியல் எழுதித் தர வேண்டும், அழுகக்கூடிய பொருளை அன்றைக்கே திருப்பித் தர வேண்டும் என்பது அந்தச் சட்டத்தில் இருக்கிறது. குரலை உயர்த்தாமல், ‘லிஸ்ட் கொடுங்க சார்’ என்று மட்டும் கேளுங்கள்.

ஜிபே ஸ்டிக்கர் உங்கள் வங்கிக் கணக்கில்தான். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். முகாம் குடும்பங்களுக்கு அரசு தரும் மாத உதவித்தொகை வரும் கணக்கோடு கலக்காமல் வியாபாரத்துக்குத் தனியாக ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. தினமும் ஐந்நூறு, எண்ணூறு என்று உங்கள் பெயரில் விழும் பணம்தான் ஒரு வருடம் கழித்து, ‘நான் தொழில் செய்கிறேன்’ என்பதற்குச் சாட்சி. அண்ணாவின் கணக்கில் விழுந்தால் அது அவருடைய வருமானம், உங்களுடைய மூன்று வருட உழைப்புக்குத் தடயமே இருக்காது.

முகாம் ஆட்களுக்கு லோன் கிடைக்காது, வண்டி பதிவாகாது என்று அவர் சொல்வதை வாய்ப்பேச்சாகவே ஏற்க வேண்டாம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீசுக்குப் போய், உங்கள் ஆதார், முகாம் அடையாள அட்டை நகலோடு இரண்டு கேள்வியை மட்டும் எழுதி மனுவாகக் கொடுங்கள்: என் பேரில் சிறு வணிக வாகனம் பதிவு செய்ய என்னென்ன ஆவணம் தேவை? சுயதொழில் கடனுக்கு நான் எந்தத் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம்? மனு எண் வாங்காமல் வராதீர்கள். எழுத்தில் வரும் பதிலை வைத்து அடுத்த அடி வைக்கலாம். முகாமிலுள்ள மகளிர் குழுவில் கடன் கேட்டுப் பார்த்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை, முதலில் தட்ட வேண்டிய கதவு அது. ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தினரையும் கேளுங்கள், 1984 முதல் முகாம்களில் வேலை செய்கிறவர்கள், எந்த ஆபீசில் எந்த மேசை என்று அவர்களுக்குத் தெரியும்.

உங்கள் நிலைமை பற்றி இன்னொன்று. 2015 ஜனவரி 9ஆம் தேதிவரை இங்கு வந்து தஞ்சமடைந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து ஒன்றிய அரசு 2025 செப்டம்பரில் விலக்கு அளித்தது. இது குடியுரிமை ஆகாது. ஆனால் ‘நீ சட்டவிரோதமாக இருக்கிறவள், உன் பேரில் எதுவும் முடியாது’ என்று யாராவது பயமுறுத்தினால் வாயடைத்து நிற்க வேண்டியதில்லை.

கேஸ் விஷயத்தையும் கேட்டுவிடுகிறேன். வண்டியில் இருப்பது வீட்டுச் சிவப்புச் சிலிண்டர்தானே? வியாபாரத்துக்கு அதைப் பயன்படுத்துவது குற்றம், பறிமுதல் செய்வார்கள். 19 கிலோ வணிகச் சிலிண்டர் உங்களுக்குப் பெரிது என்றால், 5 கிலோ சிறிய சிலிண்டரை அடையாளச் சான்று காட்டி வாங்கலாம். தட்டுக்குப் பாக்குமட்டை அல்லது வாழையிலை. பிளாஸ்டிக் தாள் ஒட்டிய தட்டு 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை, செய்தித்தாளில் எண்ணெய்ப் பலகாரம் மடிப்பதும் கூடாது.

புதுச்சேரி இப்போதைக்கு வேண்டாம். அது வேறு நிர்வாகம், இங்கே வாங்கும் வியாபாரி சான்றிதழ் அங்கே செல்லாது. ராத்திரி வியாபாரம் முடித்து முகாமுக்குத் திரும்ப நள்ளிரவாகும், முகாமில் ஆள் கணக்கெடுக்கும் நாளில் புதுச்சேரியில் மாட்டிக்கொண்டால் உதவித்தொகைக்கே சிக்கல்.

மகளின் பயத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஏதோ கேட்டிருப்பாள் போலிருக்கிறது. ஆனால் வியாபாரத்தைப் பொறுத்தவரை எனக்குச் சந்தேகமே இல்லை. ‘சிலோன் பரோட்டா’ என்று போர்டு மாட்டி, மன்னாரை வரைபடத்தில்கூடப் பார்க்காதவர்கள் தமிழ்நாடு முழுக்க விற்கிறார்கள். நீங்கள் உண்மையான ஆள். ‘மன்னார் ரோல்ஸ்’ என்றே எழுதுங்கள். முகாம் என்று போர்டில் எழுத வேண்டியதில்லை. யாராவது கேட்டால் மறைக்கவும் வேண்டியதில்லை.

அண்ணாவுக்கு என்ன பதில் சொல்வது? இப்படிச் சொல்லுங்கள்: ‘வண்டியை உங்கள் காசில் வாங்குங்கள் அண்ணா, எனக்கு ஞாயிற்றுக்கிழமை வாடகைக்குத் தாருங்கள்.’ அவருக்கு வண்டியில் நம்பிக்கை இருந்தால் ஒத்துக்கொள்வார். முத்திரைத்தாளில் 11 மாத வாடகை ஒப்பந்தம் போடுங்கள், நாள் வாடகை எவ்வளவு, ரிப்பேர் யாருடையது, விபத்தானால் யார் பார்ப்பது என்று. அப்போதும் ஒன்றைக் கவனியுங்கள். டாடா ஏஸின் பின்பக்கத்தைக் கூண்டாக மாற்றி அடுப்பு வைத்தால், ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி. புத்தகத்தில் அந்த மாற்றத்தை ஏற்ற வேண்டும். ஏற்றாத வண்டியில் தீ பிடித்தால் இன்சூரன்ஸ்காரர் கையை விரிப்பார், உள்ளே நிற்பது நீங்களும் மகளும். ஆர்.சி. நகலைப் பார்க்காமல் ஏறாதீர்கள்.

கூட்டு வேண்டும் என்றே அவர் நின்றால், முதலில் நாளைக்கு உங்களுக்கு 500, மகளுக்கு 200 என்று கூலியைக் கழித்துவிட்டு மிச்சத்தில்தான் பங்கு என்று கேளுங்கள். வாய்ப்பேச்சுக் கூட்டு வேண்டவே வேண்டாம். பதிவு செய்யாத கூட்டில் கூட்டாளிமேல் வழக்குப் போட அனேகமாக வழி இல்லை, ஆனால் தொழில் பேரைச் சொல்லி அவர் வாங்கும் கடன் உங்கள் தலையிலும் விழும்.

சீட்டுப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, கண்ணாடி அடைப்பும் மேற்கூரையும் வைத்த தள்ளுவண்டி ஒன்றை வெல்டிங் பட்டறையில் சொந்தமாகச் செய்துகொள்ளுங்கள். தினசரி வாடகை அன்றோடு நின்றுவிடும். மிச்சத்தை மழை மாதங்களுக்கு வங்கியில் விட்டுவையுங்கள்.

டிரக் ஆசையை விடச் சொல்லவில்லை. தை ஐந்தாம் நாள் பெண்ணையாற்றில் ஆற்றுத் திருவிழா, பிறகு தேவனாம்பட்டினத்தில் மாசி மகம். இரண்டிலும் கூட்டம் எப்படி இருக்கும் என்று தெரியும். அந்த இரண்டு நாளுக்கு மட்டும் யாருடைய டிரக்கையாவது வாடகைக்கு எடுத்துப் பாருங்கள், நிறுத்தும் இடத்துக்கு முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு. எத்தனை பொரித்தீர்கள், எத்தனை விற்றது, எத்தனை மீந்தது, வாடகையும் டீசலும் போக என்ன நின்றது என்று அன்றிரவே எழுதிவிடுங்கள், மறுநாள் எழுதினால் மீந்தது மறந்துபோகும். அந்தத் தாளையும், கலெக்டர் ஆபீசிலிருந்து வந்த பதிலின் நகலையும் எனக்கு அனுப்புங்கள். சொந்த வண்டிக்குக் கணக்கு அதற்கப்புறம் போடலாம்.